கையெழுத்துக்கு முன்

யாழ்ப்பாணத்தில் எங்கள் பாட்டன்மார் ‘ஒற்றி’ என்று ஒரு வழக்கத்தை நன்கு அறிந்திருந்தார்கள். கடன் கொடுத்தவர் காணியைத் தம் வசம் எடுத்துக்கொண்டு, வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை அனுபவித்து வருவார். முதலைத் திருப்பிக் கொடுத்தபின் காணி உடையவரிடம் மீளும். தேசவழமைச் சட்டம் அங்கீகரித்திருந்த அந்த ஏற்பாட்டில், கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே கோயில் வீதியில் அன்றாடம் முகம் பார்ப்பவர்களாகையால், இன்னார் நாணயஸ்தர், இன்னார் அல்லர் என்பதற்கு ஊரே சாட்சியாக இருந்தது. கனடாவில், குறிப்பாக எம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறொன்ரோ நகரின் ஸ்காபரோப் பகுதியிலே, வந்து மூன்று நான்கு வருஷமான ஒரு குடும்பம் சொந்த வீடு வாங்க முற்படும்போது அந்தச் சாட்சி ஒன்றுதான் அவர்களிடம் இல்லாதிருக்கிறது. உழைப்பு இருக்கிறது, சிக்கனம் இருக்கிறது, கடனைத் தீர்த்துவிட வேண்டுமென்ற மானமும் இருக்கிறது. வங்கியோ, இந்தத் தேசத்துக் கடதாசியில் எழுதப்பட்ட ஒரு கடந்தகாலத்தைக் கேட்கிறது. அந்த இல்லாமையைப் பொய்யால் நிரப்பித் தருகிறேன் என்று வருபவரால் விளையும் அபாயத்தை என் கண்ணெதிரே ஒருமுறை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சென்ற வருஷத்துக்கு முந்திய மாரியில், எனக்கு மைத்துனர் முறையான ஒருவர் தம் மனைவியோடு குடியிருந்த பேஸ்மென்டுக்கு ஓர் இரவு போயிருந்தேன். மேசை விரிப்பின்மேல் ஒரு கடிதம் கிடந்தது. உணவகச் சமையற்கட்டில் வேலை செய்து, சம்பளத்தில் ஒரு பகுதியைக் கைக்காசாகப் பெற்றுவந்த அந்த மனிதர், அக்கடிதத்தின்படி ஒரு களஞ்சியசாலையின் மேற்பார்வையாளர். அவருடைய வருடச் சம்பளம் 82,000 டொலர். வீட்டுக் கடன் ஒழுங்கு செய்து தருவதாகச் சொல்லி வந்திருந்தவர், “அண்ணை, எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம். நீங்கள் இதிலை ஒரு கையெழுத்துப் போட்டால் காணும், மிச்சம் நான் பாக்கிறன்” என்றார். தேநீர் கொண்டுவந்த மனைவி கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டு, “இந்தக் கொம்பனியிலை நீங்கள் எப்பேயப்பா வேலை செய்தனீங்கள்?” என்று கேட்டார். பேனை மேசையிலேயே இருந்தது. அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தக் கையெழுத்து விழுந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அன்று அம்மனிதருக்கு எடுத்துச் சொன்னவாறே இங்கும் சொல்கிறேன். பொய்யான வேலைக் கடிதத்தையோ சம்பளச் சீட்டையோ காட்டிக் கடன் பெறுவது குற்றவியற் சட்டத்தின்கீழ் மோசடி. 5,000 டொலருக்கு மேற்பட்ட மோசடிக்கு அதிகபட்ச தண்டனை 14 வருடச் சிறை. கனடியப் பிரஜை ஒருவருக்கு அது சிறையோடும் அவமானத்தோடும் முடியலாம். நிரந்தர வதிவிட உரிமையில் இருக்கும் ஒருவருக்கு அவ்வாறு முடிவதில்லை. ஏனெனில், அதிகபட்சமாகப் பத்து வருடமோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றம் ஒன்றில் தண்டிக்கப்படுபவர், உண்மையில் எத்தனை நாள் சிறையிருந்தார் என்பது ஒருபுறமிருக்க, குடிவரவுச் சட்டத்தின்படி பாரதூரமான குற்றம் புரிந்தவராகக் கருதப்பட்டு, வதிவிட உரிமையையே இழந்து நாட்டைவிட்டு வெளியேற்றப்படும் நிலைக்கு ஆளாகலாம். கடிதம் தயாரித்தவர் தமது பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கடன் பத்திரத்தில் நிற்பது வாங்கியவருடைய பெயர் மாத்திரமே.

இதன் உடன்பிறப்பான இன்னொரு வழக்கமும் எம்மிடையே உண்டு. அது ‘பெயர் கொடுத்தல்’. வருமானமும் நல்ல கிரெடிட்டும் உள்ள ஒருவர், உறவுக்காகவோ ஒரு தொகைக்காகவோ, தாம் குடியிராத வீட்டுக்குத் தம் பெயரில் கடன் எடுத்துக் கொடுக்கிறார். நல்லெண்ணத்தில் செய்தாலும், தாமே குடியிருக்கப்போவதாக வங்கிக்கு அவர் எழுதிக் கொடுப்பது பொய். தவணை தவறினால் முழுக் கடனுக்கும் அவரே பொறுப்பு. மாதந்தோறும் தவணைப் பணத்தை அவர் கையில் கொடுத்துக் குடியிருப்பவருக்கோ, உறுதியில் பெயர் இல்லாமையால், பத்து வருடம் கட்டினாலும் அந்த வீட்டில் எழுத்து மூலமான உரிமை எதுவும் இல்லை. சொந்தச் சகோதரர்கள் இதனால் நீதிமன்ற வாசலில் எதிரெதிரே நிற்க நேர்வதை நினைத்தால் மனம் வருந்துகிறது.

நேர்வழி இல்லாததினால் மக்கள் குறுக்குவழியை நாடுகிறார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு, அது சரியன்று. கனடாவின் பெரிய வங்கிகள் பலவும் புதிதாக வந்தவர்களுக்கென்று தனித் திட்டங்கள் வைத்திருக்கின்றன. ஊரிலிருந்த கடன் சரித்திரம் இங்கே கணக்கில் வராது. ஈக்விபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரு நிறுவனங்களும் 300 முதல் 900 வரை போடும் புள்ளிதான் இங்கே மனிதருடைய நாணயத்துக்கு அளவுகோல். ஆனால் அந்தப் புள்ளி போதாத இடத்தில், ஒரு வருஷம் ஒழுங்காக வாடகை கட்டியதற்கான சான்று, தொலைபேசி, மின்சாரக் கட்டணச் சீட்டுகள், ஊர் வங்கியின் கடிதம் ஆகியவற்றைப் பரிசீலிக்கும் வங்கிகளும் இருக்கின்றன. ஆகவே வந்து இறங்கிய மாதத்திலேயே வங்கிக் கணக்கொன்று திறந்து, வைப்புப் பணத்தின் பிணையில் ஒரு கிரெடிட் கார்டு எடுத்து, வாடகையைக் கைக்காசாகக் கொடாமல் வங்கி மூலம் கொடுக்கத் தொடங்கவேண்டும். வேலை இல்லாதவருக்கும், கணக்கில் போட உடனே பணம் இல்லாதவருக்கும், தக்க அடையாளப் பத்திரம் இருந்தால், கணக்குத் திறந்து கொடுப்பது வங்கியின் சட்டக் கடமை என்பது பலருக்குத் தெரியாது. கடன் சரித்திரம் போதாதென்று வங்கி மறுக்கலாம். இனம், தேசிய மூலம், மதம், நிறம் ஆகியவற்றைக் காரணமாக வைத்து மறுக்க முடியாது. அவ்வாறு மறுத்தால் கனடிய மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

பணத்தின் கணக்கை ஒரு திருஷ்டாந்தத்தால் விளக்குவது நலம். 600,000 டொலர் விலையுள்ள வீட்டுக்கு, முதல் 500,000 டொலருக்கு நூற்றுக்கு 5 வீதமும் மிகுதிக்கு நூற்றுக்கு 10 வீதமுமாக, குறைந்தது 35,000 டொலர் கைமுதல் வேண்டும்; ‘டவுன் பேமென்ட்’ என்று நாம் சொல்வது இதுதான். கைமுதல் விலையில் ஐந்திலொரு பங்குக்குக் குறைவாயிருப்பதால் கடன் காப்புறுதி கட்டாயமாகிறது. 565,000 டொலர்க் கடனுக்கு நூற்றுக்கு 4 வீதமாக அதன் கட்டணம் 22,600 டொலர். அது கடனோடு சேர்க்கப்பட்டுவிடும். ஆனால் அதன்மீது ஒன்ராறியோ மாகாணம் விதிக்கும் 8 வீத வரியான 1,808 டொலரைக் கடனில் சேர்க்க முடியாது, கையிலிருந்துதான் கட்டவேண்டும். இவ்வளவு பெருந்தொகை கொடுத்து எடுக்கும் இந்தக் காப்புறுதி, தவணை தவறினால் வங்கியைக் காப்பாற்றுமேயன்றி வீட்டுக்காரரைக் காப்பாற்றாது. அவர் இறந்தால் கடனைத் தீர்க்கும் காப்புறுதி வேறொன்று. கடன் பத்திரங்களோடு அதையும் சேர்த்து நீட்டுவார்கள். அது விருப்பத்துக்குரியது. அதை எடுத்தால்தான் கடன் தருவோம் என்று நிர்ப்பந்திக்க வங்கிச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

வட்டி வீதம் 4.5 ஆயினும், 6.5 வீதத்தில் தவணை கட்டக்கூடியவரா என்று வங்கி சோதித்துப் பார்க்கும். ஒப்பந்த வட்டியோடு 2 சேர்த்தோ, 5.25 வீதத்திலோ, எது கூடுதலோ அதில் கணிப்பது விதி. இதைக் கேட்டு மனம் நொந்துகொள்பவர்களுக்கு நான் சொல்வது, ஐந்து வருடத் தவணை முடிந்து புதுப்பிக்கும் நாளில் வட்டி உயர்ந்திருந்தால் அந்தச் சோதனையின் அருமை விளங்கும் என்பதே.

கைமுதல் எங்கிருந்து வந்தது என்பதற்கும் வங்கி ஆதாரம் கேட்கும். பொதுவாகக் கடந்த 90 நாட் கணக்கு விபரத்தைப் பார்ப்பார்கள். இங்கேதான் எம்மவருடைய சீட்டுப் பணம் சங்கடப்படுகிறது. இருபது பேர் கூடி மாதந்தோறும் கட்டிய சீட்டில் எடுத்த பணம் நேர்மையாக உழைத்த பணமேயானாலும், கைக்குக் கை மாறியதால் அதற்குக் கடதாசியில் பிறப்பும் இல்லை, வளர்ப்பும் இல்லை. வங்கி வழியன்றி உண்டியலில் ஊரிலிருந்து வந்த பணத்துக்கும் இதே கதிதான். பெற்றோரோ சகோதரரோ கொடுத்த பணமாயின், திருப்பிக் கேளாத அன்பளிப்பு என்று அவர்கள் கையெழுத்திட்ட கடிதமும், வங்கி வழியாக வந்ததற்கான பதிவும் போதுமானவை. வேலையிலும் அப்படியே: கைக்காசாக வாங்கி வரிக்குக் காட்டாத சம்பளம், வருமான வரித் திணைக்களம் ஆண்டுதோறும் அனுப்பும் மதிப்பீட்டு அறிவித்தலில் இராது, அறிவித்தலில் இல்லாத சம்பளம் வங்கியின் கண்ணுக்குச் சம்பளமே அன்று.

தற்காலிக அனுமதியில் இருப்பவர்கள் இன்னும் ஒரு படி ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். கனடியர் அல்லாதார் வீடு வாங்குவதை 2023 ஜனவரி 1 முதல் தடை செய்த சட்டம் 2027 ஜனவரி 1 வரை நீடிக்கப்பட்டிருக்கிறது. நிரந்தர வதிவிட உரிமையுள்ளவரையும், அகதியாக ஏற்கப்பட்டுப் பாதுகாப்புப் பெற்றவரையும் அது தொடாது. வேலை அனுமதியில் குறைந்தது 183 நாட்கள் மீதமுள்ளவர் ஒரே ஒரு வீடு வாங்கலாம். தடையை மீறினால் 10,000 டொலர் வரை அபராதமும், வீட்டை விற்கும்படி நீதிமன்றக் கட்டளையும் வரலாம். தடைக்குத் தப்பினாலும் வரிக்குத் தப்புவதில்லை: வேலை அனுமதிக்காரர் ஒன்ராறியோவில் விலையின் 25 வீதத்தையும், ரொறொன்ரோ நகருக்குள் 2025 முதல் மேலும் 10 வீதத்தையும் வெளிநாட்டவர் வரியாகக் கட்டவேண்டும். பிற்பாடு நிரந்தர உரிமை கிடைத்தால் மாகாண வரியைத் திரும்பப் பெற வழியுண்டு. ஆனால் அந்தப் பெருந்தொகையை முதலில் கட்டிவிட்டுக் காத்திருப்பதைவிட, உரிமை கிடைக்கும்வரை வாடகைக்கு இருப்பதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டுக் கடன் தரகராக ஒன்ராறியோவில் தொழில் செய்ய அம்மாகாண நிதிச் சேவைகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் அனுமதிப் பத்திரம் வேண்டும். யாரிடம் இருக்கிறது என்பதை அச்சபையின் பகிரங்கப் பதிவேட்டில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அன்று பேஸ்மென்டுக்கு வந்தவருடைய பெயர் அதில் இல்லை. தரகர் மூலம் எடுக்கும் கடனில், வட்டி, கட்டணம், மொத்தச் செலவு எல்லாவற்றையும் எழுத்தில் காட்டும் பத்திரத்தைக் கையெழுத்துக்கு இரண்டு வேலை நாட்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அந்த இரண்டு நாட்களில் கேட்டுத் தெளியவேண்டிய முக்கியமான கேள்வி, இடையில் வீட்டை விற்றுக் கடனை முறித்தால் அபராதம் எவ்வளவு என்பது. மாறும் வட்டிக் கடனில் அது பொதுவாக மூன்று மாத வட்டி. நிலையான வட்டிக் கடனிலோ, மூன்று மாத வட்டி அல்லது வட்டி வித்தியாசக் கணிப்பு, இரண்டில் பெரியது. அந்தக் கணிப்பு பல்லாயிரம் டொலர் வரை போகக்கூடும். சட்டத்தரணியையும் விற்பவரோ தரகரோ காட்டும் ஒருவராகக் கொள்ளாமல், தமக்கென்று தாமே தேடிக்கொள்வது நல்லது.

பெண்களுக்கு ஒரு விஷயத்தை விசேஷமாகச் சொல்லவேண்டும். ஒன்ராறியோவின் குடும்பச் சட்டப்படி, மணமான தம்பதியர் குடியிருக்கும் வீட்டின் உறுதியில் ஒருவர் பெயர் மாத்திரம் இருந்தாலும், மற்றவர் சம்மதமின்றி அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. “இதிலை ஒரு கையெழுத்து” என்று கணவர் நீட்டும் பத்திரம் அந்தச் சம்மதமாக இருக்கலாம்.

தவணை கட்ட முடியாத காலம் வந்தால், வங்கியின் கடிதங்களை உடைக்காமல் அலமாரியில் வைப்பதே மிகப் பெரிய தவறு. வேலை போனதும் வங்கியிடம் முந்திச் சொன்னவருக்குத் தவணைக் காலத்தை நீட்டுவது போன்ற சலுகை கிடைக்கக்கூடும். ஒன்ராறியோவில் தவணை தவறி 15 நாட்களுக்குப் பின்பே விற்பனை அறிவித்தல் அனுப்பலாம். அதன்பின் குறைந்தது 35 நாட்கள், பாக்கியைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ள அவகாசம் உண்டு. விற்ற விலையில் கடனும் செலவும் போக எஞ்சுவது வீட்டுக்காரருடையது; குறைந்தால் குறையும் அவருடையதே. வங்கியால் அநீதி நேர்ந்தது என்று கருதினால் முதலில் வங்கியிடமே எழுத்தில் முறையிடவேண்டும். 56 நாட்களுக்குள் தீராவிட்டால், வங்கிச் சேவைகளுக்கும் முதலீடுகளுக்குமான குறைகேள் அலுவலகத்துக்குக் கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். தரகர்மீதான முறைப்பாடு மேற்சொன்ன அதிகார சபைக்கும், சட்டத்தரணிமீதானது ஒன்ராறியோச் சட்டச் சங்கத்துக்கும் உரியது.

என் மைத்துனர் அன்று கையெழுத்திடவில்லை. உணவக முதலாளியிடம் பேசிச் சம்பளம் முழுவதையும் காசோலையாகப் பெறத் தொடங்கினார். மனைவி பராமரிப்பு நிலையமொன்றில் நிரந்தர வேலையில் சேர்ந்தார். பதினான்கு மாதம் கழித்து ஸ்காபரோவில் 600,000 டொலருக்கு ஒரு சிறிய வரிசை வீடு அமைந்தது. பத்திரம் முடிக்கும் நாளில் நானும் உடன் போயிருந்தேன். மாகாணத்துக்கும் நகருக்குமாகக் காணி மாற்று வரி 16,950 டொலர். முதன்முறை வீடு வாங்குபவராயின் அதில் 8,475 டொலர் கழிவு. ஆனால் அக்கழிவைப் பெறுபவர் உலகத்தின் எந்த மூலையிலும் எக்காலத்திலும் சொந்த வீடு வைத்திருந்திருக்கக் கூடாது. அவர் துணையாக இருக்கும் காலத்தில் கணவனோ மனைவியோ வைத்திருந்திருக்கவும் கூடாது. சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “இலங்கையிலையோ வேறை எங்கையோ உங்கள் பேரிலை வீடு ஏதும் இருந்ததோ?” என்று கேட்டார். மைத்துனர் மனைவியைப் பார்த்தார். மானிப்பாயில், கலியாணத்தின்போது தாயார் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு, கூரையில் பாதி இல்லாமல், இன்னும் அவர் பெயரில் நிற்கிறது. 8,475 டொலர் என்பது அவருக்கு ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம்.

“ஓம், இருக்கு. அம்மா தந்தது” என்றார்.

சட்டத்தரணி அதைப் படிவத்தில் எழுதிக்கொண்டார்.