சில்லறையுள் ஒரு செல்வம்

மக்கள் நாள்தோறும் கையாளும் பொருள்களுள் காசும் ஒன்று. அதன் மதிப்பை நோக்குவோர் பலர். அதன் முகத்தை நோக்குவோர் மிகச் சிலர். அச்சிலருள்ளும் ஒரு சாரார், அரிய நாணயங்களை விலை கொடுத்து வாங்குவதினும், புழங்கும் சில்லறையினின்று தேடி எடுப்பதையே பேரின்பமாகக் கொள்வர்.

மேனாடுகள் சிலவற்றில் வங்கிகள் நாணயங்களைத் தாளில் உருளையாகச் சுற்றிக் கொடுக்கும். அவ்வுருளைகளைப் பிரித்துத் தேடுதல் அங்குள்ளோர் பலர்க்கு இனிய பொழுதுபோக்கு. நம் நாட்டில் சில்லறையை நூறு நூறாகச் சிறு பைகளில் இட்டு வழங்கும் வழக்கம் உண்டு. ஒரு ரூபாய் நாணயங்கள் நூறு கொண்ட பையைப் பெற நூறு ரூபாய் போதும். வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு எஞ்சியவற்றைச் செலவிட்டால் ஒரு காசும் இழப்பில்லை. செலவின்றிக் கல்வி தரும் விளையாட்டு இதனினும் வேறு உண்டோ?

சென்னை மாநகர் இத்தேடலுக்கு ஏற்ற இடம். மயிலாப்பூர் மாட வீதிகளில் பூ விற்பவரிடமும், தியாகராய நகர் அரங்கநாதன் தெருக் கடைகளிலும், அடையாற்றுப் பேருந்து நடத்துநரின் பையிலும் பல ஊர்களில் அச்சிடப்பெற்ற காசுகள் ஒன்று கலக்கின்றன. வடசென்னையில் உள்ள 'தங்கசாலை' என்னும் பெயரோ, பண்டு இந்நகரிலேயே நாணயம் அடிக்கப்பெற்றதை இன்றும் நினைவூட்டுகிறது.

இந்நாளில் இந்திய நாணயங்கள் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத்து, நொய்டா ஆகிய நான்கு இடங்களில் அச்சிடப்பெறுகின்றன. எந்த நாணயம் எங்கே பிறந்தது என்பதை ஆண்டெண்ணின் கீழுள்ள சிறு குறி காட்டும். சாய்சதுரம் மும்பையையும், விண்மீன் ஐதராபாத்தையும், வட்டப் புள்ளி நொய்டாவையும் குறிக்கும். குறி ஒன்றும் இல்லையாயின் அது கொல்கத்தாவினது. இதனை அறிந்த மாணவனுக்கு ஒரே போலத் தோன்றும் காசுகள் வெவ்வேறாகப் புலப்படும்.

இனி, நினைவு நாணயங்கள் உள்ளன. விடுதலை பெற்ற இந்தியா நேருவின் மறைவையொட்டி 1964இல் தன் முதல் நினைவு நாணயத்தை வெளியிட்டது. எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி 1995இல் திருவள்ளுவர் உருவம் நாணயத்தில் இடம்பெற்றது. காமராசர் நூற்றாண்டு நாணயம் 2003ஆம் ஆண்டினது. 2009ஆம் ஆண்டின் அண்ணா நூற்றாண்டு நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையொப்பமே பொறிக்கப்பட்டுள்ளது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாம் ஆண்டு 2010இல் ஐந்து ரூபாய் நாணயமாயிற்று. கடைக்காரர் தரும் சில்லறையுள் இவற்றுள் ஒன்று கிடைக்குமாயின், தேடியவர் உள்ளம் துள்ளாதோ? இருபத்தைந்து காசும் அதனினும் சிறியனவும் 2011 சூன் 30 முதல் செல்லாதன ஆயின. அவற்றைப் பாட்டியின் சுருக்குப்பையில்தான் தேடுதல் வேண்டும்.

இத்தேடலால் விளையும் பயன் பொழுதுபோக்கு மட்டுமன்று. பத்து ரூபாய் நாணயங்களுள் சில போலி என்னும் வதந்தி பரவியபோது கடைக்காரர் பலர் அவற்றை வாங்க மறுத்தனர். நாள் முழுதும் கீரை விற்றுப் பெற்ற காசு செல்லாது என்று கூறப்பட்டால் ஏழை என் செய்வாள்? அதுகாறும் வெளிவந்த பதினான்கு வகைப் பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 சனவரியில் விளக்கியது. வடிவம் வேறுபடுதல் போலிமைக்குச் சான்று ஆகாது. நாணயங்களை உற்று நோக்கிப் பழகியவன் இதனை எளிதில் உணர்வான்; பிறர்க்கும் எடுத்துரைப்பான். அச்சத்தைப் போக்குவது அறிவே அன்றோ?

தேடுவோர் பேராசைக்கு இடம் கொடுத்தல் ஆகாது. பழைய காசு பல இலட்சம் பெறும் என்று ஆசை காட்டி, முன்பணம் கேட்டு ஏமாற்றுவோர் உளர். தன் பெயரைக் காட்டிக் கட்டணம் கேட்போரை நம்பவேண்டாவென 2021 ஆகத்தில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. பளபளப்பை விரும்பிக் காசைப் புளியிட்டுத் துலக்குவதும் தவறு. அதனால் மேற்பரப்புத் தேய்ந்து சேர்ப்போர் போற்றும் இயல்பு கெடும். உலர்ந்த துணியில் வைத்து, விளிம்பைப் பற்றி எடுத்தலே முறை.

சங்ககாலப் பாண்டியர் காசொன்றில் 'பெருவழுதி' என்னும் பெயரை அறிஞர் கண்டு படித்தமையால், இலக்கியம் கூறும் பெயருக்கு உலோகமும் சான்றாயிற்று. இன்று கைமாறும் காசும் நாளை ஒரு வரலாற்றுச் சான்றாகலாம்.

தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். காசைத் தேடும் மாணவர் நேர்மையையும் உடன் பேணுவாராயின், அவர் சேர்த்த செல்வம் இருமடங்கு ஆகும்.