படி ஏறும் தொடைகள்

இரண்டாவது மாடி அக்கா நேற்று சாயங்காலம் காய்கறிப் பையோடு எங்கள் வாசலிலேயே நின்றுவிட்டார். எங்கள் வீடு முதல் மாடி. அவருக்கு அது பாதி வழி. உட்கார வைத்து டீ கொடுத்தேன். மூச்சு அடங்கியதும் கேட்டார்: "மார்க்கெட் வரைக்கும் ஒரு கிலோமீட்டர் நடந்துட்டு வரேன், ஒண்ணும் தெரியல தம்பி. இந்தப் படியில மட்டும் தொடை கடுக்குதே, ஏன்?"

சமதரையில் நடக்கையில் நாம் உடம்பை உயரத் தூக்குவதில்லை. கால் ஊஞ்சல் மாதிரி வீசிப் போகிறது. உடம்பு ஓரிரு அங்குலம் ஏறி இறங்குவதோடு சரி. மாடி என்றால் சுமார் 3 மீட்டர், 18 படி. ஒவ்வொரு படியிலும் ஒற்றைக் கால் முழு உடம்பையும் அரை அடி மேலே தூக்க வேண்டும். 60 கிலோ உள்ளவரைவிட 80 கிலோ உள்ளவர் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உழைத்துத்தான் அதே மாடிக்கு வருகிறார். 20 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்து ஏறுவது போலத்தான். மூட்டையையாவது மேலே போனதும் இறக்கி வைக்கலாம்.

"அப்ப என் உடம்புதான் காரணம்" என்று அக்காவின் முகம் வாடியது.

அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. எடை கூடியவர்களின் தொடைத்தசை பெரும்பாலும் ஒல்லியானவர்களுடையதைவிட வலுவானது. நாள் முழுக்கச் சுமந்து பழகியது. எடை ஏறிய வேகத்துக்கு வலு ஏறவில்லை என்பதுதான் சிக்கல். ஒரு பேச்சுக்கு, உங்கள் கால் அதிகபட்சம் 100 கிலோ தூக்கும் என்று வையுங்கள். உடம்பு 60 கிலோ என்றால் ஒவ்வொரு படிக்கும் வலுவில் பாதிக்குச் சற்று மேல் போகும். 80 கிலோ என்றால் ஐந்தில் நான்கு பங்கு போய்விடும். தசை இறுகும்போது தனக்குள் ஓடும் ரத்தக்குழாய்களைத் தானே அமுக்கிக்கொள்கிறது. இறுக்கம் கூடக்கூட அமுக்கமும் கூடும், தசைக்கு வரும் ரத்தம் குறையும். கடுப்புக்கும் தசைச் சோர்வுக்கும் லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று பள்ளியில் படித்தோம். இன்றைய உடலியலார் அதை அப்படியே ஏற்பதில்லை. சோர்வைப் பொறுத்தவரை, எரிசக்தி செலவாகையில் மிஞ்சும் பாஸ்பேட் சேர்ந்து தசையிழைகளின் பிடியைத் தளர்த்துகிறது என்கிறார்கள்.

தரையிலிருந்து எழும்போது கையை முட்டியில் ஊன்றுகிறோமே, அதுவும் இதே கணக்குதான். முட்டி முழுக்க மடங்கியிருக்கையில் தொடைக்குப் பாரம் மிக அதிகம். கை அதில் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது.

ஆக, இந்தக் கணக்கில் எண்கள் இரண்டு: எடை, வலு. வெறும் பட்டினியால் எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். எடை குறைந்தும் படி கடுக்கலாம். வயது ஏறினாலும் தசை தேயும். எடையில் ஒரு கிலோகூடக் குறையாமல் காலின் வலு மட்டும் ஏறினாலே படி இலகுவாகும். இதைத்தான் அக்காவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன், அவர் வெட்கப்பட்டுக்கொண்டே இருந்ததால்.

இன்னொன்றையும் கேட்டேன்: இந்த அசதி திடீரென்று வந்ததா? அப்படியானால் ரத்தசோகையா, தைராய்டா என்று பார்க்க வேண்டும். நெஞ்சு இறுகினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அக்காவுக்கு அப்படி எதுவும் இல்லை. வருடக்கணக்காக மெல்ல மெல்ல வந்தது.

அதனால் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு, கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காரச் சொன்னேன். பத்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். அது சுலபமானதும் ஒரு தலையணையை எடுத்துவிடலாம்.