திருப்பலி: ஒரு விருந்தினன் அறிந்தவை

வகுப்பில் என் அருகே அமரும் நண்பனின் தந்தை காலமானார். அடக்கத்திற்கு முன் அவர்கள் ஊர் ஆலயத்தில் திருப்பலி நடந்தது. தோழர்கள் பலர் சென்றிருந்தோம். மற்றவர்கள் உள்ளே போய்விட்டனர். என் கால்கள் மட்டும் கூசின. எந்தப் பக்கம் அமர்வது? எப்போது எழுவது? மண்டியிடாவிட்டால் தவறாக எண்ணுவார்களோ? இவ்வாறெல்லாம் எண்ணிக் குழம்பி, சன்னலோரத்து வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டேன். அது பின்னர் என் மனத்தை மிகவும் உறுத்தியது.

ஓராண்டு கழித்து நினைவுத் திருப்பலிக்கு நண்பன் அழைத்தான். முந்திய நாள் மாலையே அவனிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். அன்று கேட்டதையும் மறுநாள் கண்டதையும், என்னைப் போல் தயங்கும் தோழர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கத்தோலிக்கரின் தலையாய வழிபாடு திருப்பலி. பெரியவர்கள் அதைப் ‘பூசை’ என்று சொல்வதும் உண்டு. முற்காலத்தில் அது இலத்தீன் மொழியில் நடைபெற்றது. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், 1963 இல் மக்கள் மொழிக்கு வழிபாட்டில் இடம் தந்தது. அதனால்தான் நம்மைப் போன்ற புதியவர்க்கும் அங்கு நடப்பது தமிழில் விளங்குகிறது. 1969 இல் இந்தியாவுக்கென 12 மாற்றங்களுக்கு உரோமை இசைவளித்தது. மிதியடியைக் கழற்றிவிடுவதும், தரையில் அமர்வதும், கைகூப்பி வணங்குவதும் அவற்றுள் அடங்கும். நமக்குப் பழக்கமானவைதாமே இவை!

பல சிற்றூர் ஆலயங்களில் ஆண்கள் ஒரு புறமும் பெண்கள் மறுபுறமும் அமர்வர். புதிதாகச் செல்வோர் சற்றுப் பின்னால் அமர்வது நல்லது. முன்னிருப்போரைப் பார்த்து எழலாம், அமரலாம்.

திருப்பலிக்கு இரண்டு பெரும் பகுதிகள் உண்டு. முதலாவது, இறைவாக்கு வழிபாடு. பொதுவாக ஞாயிறன்று மூன்று வாசகங்களும், மற்ற நாள்களில் இரண்டும் விவிலியத்திலிருந்து படிக்கப்படும். நிறைவாகப் படிக்கப்படுவது நற்செய்தி. அப்போது அனைவரும் எழுந்து நிற்பர்; கிறிஸ்துவே பேசுகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆசிரியர் வகுப்பில் நுழையும்போது நாம் எழுவதில்லையா? பின்பு அனைவரும் அமர, குரு மறையுரை ஆற்றுவார்.

இரண்டாவது, நற்கருணை வழிபாடு. அதன் தொடக்கத்தில் காணிக்கைப் பை வரும். கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. இயேசு இறப்பதற்கு முந்திய இரவு சீடரோடு உண்ட உணவின் நினைவாக, குரு கோதுமை அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் கையிலேந்தி மன்றாடுவார். மணி ஒலிக்கும், மக்கள் மண்டியிடுவர். விருந்தினர் மண்டியிட வேண்டிய கட்டாயம் இல்லை. அமைதியாக அமர்ந்திருந்தாலே போதும்.

சற்று நேரத்தில் அருகிலிருந்த முதியவர் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். திகைத்தேன். ஒருவருக்கொருவர் சமாதானம் கூறும் இடம் அது என்று நண்பன் சொன்னது நினைவுக்கு வந்தது. நானும் கைகூப்பினேன். அதுவரை இருந்த அச்சம் அந்தக் கணத்தில் அகன்றது.

அடுத்து மக்கள் வரிசையாகச் சென்று நற்கருணை பெற்றனர். இங்கேதான் புதியவர் கருத்தாயிருக்க வேண்டும். பார்வைக்கு அது மெல்லிய வட்ட அப்பம். கத்தோலிக்கர் நம்பிக்கையிலோ கிறிஸ்துவின் உடல். திருமுழுக்குப் பெற்று, புதுநன்மை வாங்கிய கத்தோலிக்கரே அதைப் பெறுவர். ஆதலால் நாம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். கோயில் பிரசாதத்தைப் போல் எண்ணிக் கை நீட்டுவது முறையன்று. அமர்ந்திருப்பதை யாரும் அவமதிப்பாகக் கருதுவதுமில்லை.

எல்லாக் கிறித்தவ ஆலயங்களிலும் முறை ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் வழிபாட்டை ‘ஆராதனை’ என்பர். நற்கருணையைத் ‘திருவிருந்து’ என்பர். அங்கே குருவானவர் மணம் புரிந்து குடும்பத்தோடு வாழலாம். எந்த ஆலயமாயினும், அழைத்த நண்பரிடமே முன்கூட்டிக் கேட்டறிவது நலம். கேட்பதில் வெட்கமில்லை; அவர்களுக்கும் அது மகிழ்ச்சியே.

திருப்பலி முடிந்ததும் நண்பன் வெளியே வந்து என் கையைப் பற்றினான். “போன வருஷம் நீ மரத்தடியில் நின்றதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். இப்போது வருவாய், இப்போது வருவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றான். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. அவன் அம்மா கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டு அவனருகே உட்கார்ந்தேன்.

நண்பர்களே! உங்கள் தோழர் வீட்டுத் துயரத்திலோ மகிழ்ச்சியிலோ பங்குகொள்ள அழைப்பு வந்தால், முறை தெரியவில்லையே என்று வெளியே நின்றுவிடாதீர்கள். அந்த வேப்பமரத்தடியில் நின்றவன் நான் ஒருவனாகவே இருக்கட்டும்.