பாகு உறையும் தருணம்

வர்ணத்திற்கும் வார்னிஷிற்கும் வேண்டிய செயற்கைப் பிசின்களைச் சமைக்குந் தொழிற்சாலைகளிலே தொழிலாளர் பெரிதும் அஞ்சும் விபத்து ஒன்றுண்டு. கொப்பரையிற் கிளிசரினும் அமிலமுஞ் சேர்ந்து காய்ந்துகொண்டிருக்கும். பாகு மணிக்கணக்காகச் சிறுகச் சிறுகத் தடிப்பேறும். பின்னர்த் திடீரென, மேலெழுந்த குமிழிகள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும், துடுப்பு அசையாது. கடற்பாசிக் களியாயின் சூடேற்ற மீண்டும் உருகும். இதுவோ உருகாது, திரவங்களிற் கரையாது, ஊறிப் பருக்குமேயன்றி வேறில்லை. வெட்டியெடுத்தே கொப்பரையைக் காலிசெய்ய வேண்டும். இது நேரும் தருணத்தைக் காகிதத்திற் கணக்கிட்டு முன்னரே அறியலாகுமோ என்பதே நாம் ஈண்டு ஆராயும் விஷயம்.

மூலக்கூறுகளுக்குக் கைகள் உண்டெனக் கொள்வோம். இரண்டு கைகளே உடையவை ஒன்றையொன்று பற்றினால் நீண்ட சங்கிலியாகும். எவ்வளவு நீளினும் அது வலையாகாது. மூன்று கைகள் உடையவை இடையிடையே கலப்பின் கிளைகள் தோன்றும். கிளைகள் கிளைத்து, கொப்பரையின் ஒரு விளிம்பினின்று மறு விளிம்புவரை ஒரே மூலக்கூறாகப் பின்னிக்கொள்ளும். அவ்வொரு மூலக்கூறே உறைந்த களி.

நைலான் கண்ட கரோதர்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1936-ஆம் வருஷத்தில் ஒரு விதி வகுத்தார். மூலக்கூறுகளின் சராசரிப் பருமன் எல்லையற்றுப் போகும்போது பாகு உறையும் என்பது அவர் கொள்கை. பார்வைக்கு நியாயமே. ஆயினும் சராசரி என்பது ஏமாற்றும் பொருள் (வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைக் கண்டு மாணாக்கரை எடைபோடுவோர் இதனை ஓர்வாராக). ஓர் ஊரிற் கோடீசுவரன் ஒருவன் தோன்றுதற்கு ஊரார் யாவரும் செல்வராதல் வேண்டுமோ?

கரோதர்ஸின் கீழ்ப் பணியாற்றிய ஃபுளோரி, 1941-இல் வெளியிட்ட கட்டுரையில் வேறு வழி கண்டார். அவர் சராசரியை விடுத்து வமிசாவளியை எண்ணினார். மூன்று கையுடைய மூலக்கூறு ஒன்றை ஒரு கை வழியே சென்றடைந்தோமாயின், அப்பாற் செல்ல இரண்டு கைகள் உள்ளன. ஒவ்வொன்றும் மற்றொரு முக்கையானிடம் கொண்டுசேர்க்கும் வாய்ப்பைக் கிளைவிகிதம் என்போம். அதன் இருமடங்கே ஒருவனுக்குச் சராசரியாகப் பிறக்கும் மக்கள் தொகை. விகிதம் 0.4 ஆயின் மக்கள் 0.8, வமிசம் முழுதும் எண்ணினால் சராசரி 5 பேர். 0.49 ஆயின் 50 பேர், 0.499 ஆயின் 500 பேர். 0.5-ஐ எட்டியதும் வமிசத்திற்கு எல்லையில்லை. இங்கிலாந்திலே குடும்பப் பெயர்கள் அற்றுப்போதலைக் குறித்துக் கால்ட்டனும் வாட்சனும் 1873, 1874 ஆகிய வருஷங்களிற் செய்த கணக்கும் இதுவே என்பது வியப்பன்றோ!

திடீரென உறைதலின் காரணம் இப்பொழுது விளங்கும். எல்லாம் ஒரே வகை முக்கையராய் இருப்பின், கைகளிற் பாதி கோத்த கணத்திலே உறைவு தொடங்கும். அக்கணத்திற் சராசரித் திரளில் உள்ளவை நான்கே! களி அப்பொழுதுதான் முளைக்கின்றது. மற்றவையெல்லாம் சிறு திரள்களாய் அதனிடையே கிடக்கும். நூற்றுக்கு 60 கைகள் கோப்பதற்குள் ஏறக்குறைய 70 பங்கு பொருள் களியிற் சிக்கிவிடும்.

ஃபுளோரி இதனைச் சோதித்தும் பார்த்தார். மூன்று கையுள்ள அமிலத்தை இரு கையுள்ள பொருள்களோடு கலந்து காய்ச்சினார். எஞ்சிய அமிலத்தைக் காரத்தால் அளந்தால், கோத்த கைகள் எத்தனை என்பது தெரியும். ஒரு கலவையில் நூற்றுக்கு 95 கைகள் கோத்தபின் உறையவேண்டும் என்பது கரோதர்ஸ் விதி. 88 என்பது ஃபுளோரியின் கணக்கு. கொப்பரை உறைந்ததோ 91-இல். ஆகவே 95-ஐ நம்பிக் காத்திருப்பவன் கொப்பரையை இழப்பான். 88-க்கு முன் அடுப்பை அணைப்பவன் தப்புவான். இடையிலுள்ள அந்த மூன்று எங்ஙனம் வந்தது? சில மூலக்கூறுகள் பிறரைப் பற்றாது, தம் கையைத் தாமே பற்றி வளையமாகின்றன. அக்கைகள் வலைக்கு உதவுவதில்லை. கணக்கு அவற்றை விட்டுவிட்டது.

1943-இல் ஸ்டாக்மேயர் ஒவ்வொரு பருமனிலும் எத்தனை திரள்கள் இருக்கும் என்பதையும் வகுத்தார். எனினும் ஒரு குறை நின்றது. தலைமுறைதோறும் பெருகும் கிளைகளுக்கு இடம் வேண்டாவோ? வமிசாவளி இடத்தைக் கருதுவதில்லை. 1957-இல் பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி என்னும் இருவர், நுண்துளைப் பொருளில் நீர் கசிந்து ஊடுருவுதலைக் கட்டங்களின் வாயிலாகக் கணக்கிட்டனர். அக்கணக்கைக் களிக்கும் பொருத்தலாம் என்று 1976-இல் டி ஜென், ஸ்டாஃபர் ஆகியோர் தனித்தனியே காட்டினர். ஃபுளோரியின் கணக்கில், உறைநிலையைக் கடந்த அளவுக்கு நேர்விகிதமாகக் களி தொடங்கி வளரும். கட்டங்களின் கணக்கிலோ அவ்வளவின் ஏறக்குறைய 0.4 படியாக, இன்னும் விரைந்தெழும். இவ்வேறுபாடு உறைநிலையை ஒட்டிய குறுகிய எல்லைக்குள்ளேதான் தெளிவாகத் தோன்றும். கொப்பரையருகே நிற்பவனுக்கு ஃபுளோரியின் எண்ணே போதும்.