கடைசிப் பந்தி

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்றொரு பழமொழி உண்டு, தோழனே! நீயும் கேட்டிருப்பாய், சொல்லிச் சிரித்திருப்பாய். அந்தப் பழமொழியைத் தலைகீழாக்கி வாழ்பவள் ஒருத்தி உன் வீட்டிலேயே இருக்கிறாள். விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைக் கிளப்பி, பிறகு தானும் வேலைக்கு ஓடுகிறாளே, அவள்தான். படைக்கு முந்துகிறாள், பந்திக்குப் பிந்துகிறாள்!

ஊரார் கதை பேச நான் வரவில்லை. என் வீட்டுக் கதையே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் பொதுக்கூட்டம். பெண்ணுரிமை பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினேன். கையொலி காதில் நிற்க, மாலை மணம் கழுத்தில் நிற்க, இரவு பதினொரு மணிக்கு நான்கு தோழர்களுடன் வீடு திரும்பினேன். என் துணைவியார் முகம் சுளிக்கவில்லை. இருந்ததை எடுத்து எல்லோருக்கும் பரிமாறினார். உண்டோம், பேசினோம், தோழர்கள் விடைபெற்றனர். தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் நுழைந்தேன். பானையின் அடியில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டி, மிஞ்சிய ரசத்தை ஊற்றி, நின்றபடியே உண்டுகொண்டிருந்தார் அவர்.

"கீரை எங்கே? குழம்பு எங்கே?" என்றேன்.

"தீர்ந்துபோச்சு. எனக்கு அவ்வளவா பசியில்லீங்க" என்றார்.

அடுத்த மாதம் குழாயடியில் மயங்கி விழுந்தார். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதித்தார்கள். 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின், 8 கிராம்தான் இருந்தது. "எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் நீங்க சாப்பிடுவீங்களாம்மா?" என்று கேட்டார் செவிலியர். கேள்வி அவரிடம், தைத்தது என் நெஞ்சில்!

என் வீட்டில் மட்டுமா இந்த நிலை? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பார். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச் சோகை; ஆண்களில் நூற்றுக்கு 25 பேருக்கு. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் பெருகிய நம் தமிழகத்திலும், பெண்களில் நூற்றுக்கு 53 பேர்! இரண்டு வீட்டுக் கதவைத் தட்டினால் ஒரு வீட்டில் இரத்தம் குன்றியவள் வந்து கதவைத் திறக்கிறாள் என்று பொருள்.

"மூட்டை தூக்குபவன் நான், எந்திரத்தோடு மல்லாடுபவன் நான், எனக்குத்தானே சத்து அதிகம் வேண்டும்?" என்கிறாயா? சோறு அதிகம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இரத்தத்தை ஆக்கும் இரும்புச் சத்தின் கணக்கு வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் தந்த கணக்கின்படி, ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லி கிராம். பெண்ணுக்கு 29 மில்லி கிராம். ஒன்றரை மடங்கு! ஏன்? மாதந்தோறும் அவள் இரத்தம் இழக்கிறாள். கருவுற்றால், தன் இரத்தத்தைக் கொண்டே இன்னோர் உயிரை வளர்க்கிறாள். அதிகம் வேண்டியவளுக்கு அடிச்சட்டி. குறைவாக வேண்டியவனுக்குக் கொழுத்த துண்டு! இதுவா பங்கீடு?

1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி வைத்தார்கள். பெரியார் சீறினார், டாக்டர் வரதராசுலு நாயுடு எதிர்த்து எழுந்தார். ஒரே கூரையின் கீழ் இரண்டு பந்தியா என்று நாடே கேட்டது. அந்த வரலாற்றை மேடைதோறும் பேசுகிறோம். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, ஆணுக்கு முதற்பந்தி, பெண்ணுக்குக் கடைசிப் பந்தி என்று நடத்துகிறோமே! நம் கூரையின் கீழும் இரண்டு பந்திதானே, தோழனே?

கடைசிப் பந்தி ஒன்றே காரணம் என்று நான் சாதிக்கமாட்டேன். வெறுங்காலோடு வயலில் நடப்பவரின் பாதம் வழியே நுழையும் கொக்கிப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. மாதவிலக்கில் அளவுக்கு மீறிய போக்கு இருந்தால், அதுவும் இரத்தத்தை வற்றவைக்கும். சொல்லக் கூசி ஆண்டுக்கணக்கில் மறைக்கிறார்கள் நம் தாய்மார்கள். கூச்சமென்ன இதில்? மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியது நம் கடமை.

படியேறினால் மூச்சு வாங்குகிறதா? நெஞ்சு படபடக்கிறதா? கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா? மண்ணும் சாம்பலும் தின்ன நாக்கு ஏங்குகிறதா? "சோம்பேறி" என்று ஏசாதே. இரத்தம் சோதிக்க அழைத்துப் போ. அலட்சியம் செய்தால், பிள்ளைப்பேற்றில் மற்றவர் தாங்கும் இரத்தப்போக்கை அவள் தாங்கமாட்டாள். பிறக்கும் குழந்தையும் எடை குன்றிப் பிறக்கக்கூடும்.

மருந்து எட்டாக் கனியன்று. கருவுற்ற தாய்க்கு நான்காம் மாதம் முதல் நாளுக்கொரு இரும்புச் சத்து மாத்திரை, 180 நாட்கள். பேறு முடிந்த பின் மேலும் 180 நாட்கள். அரசு இலவசமாகவே தருகிறது. மலம் கறுத்துப் போகும், சிலருக்குக் குமட்டும். அதற்கு அஞ்சி மாத்திரையைக் குப்பையில் எறிகிறார்கள். கறுப்பது கேடன்று, குமட்டினால் உணவுக்குப் பின் விழுங்கலாம். தேநீரோடு மட்டும் வேண்டாம். இரும்பை உடலில் சேரவிடாமல் தடுப்பது அது. உண்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கமும் அதனாலேயே ஆகாது. ஒரு மணி நேரம் போகட்டும். முருங்கைக் கீரையும், கம்பும், பயறும், மீனும், இறைச்சியும் அவள் தட்டில் விழட்டும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால், கீரையின் இரும்பை உடல் நன்றாக ஏற்கும்.

1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் சென்னைச் சட்ட மன்றத்தின் துணைத் தலைவராகவும் விளங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவர் பெயரால்தான் ஏழைத் தாய்மார்களுக்கு மகப்பேறு நிதியுதவி வழங்கப்படுகிறது. அவள் சத்துணவு உண்பதற்காக வரும் பணம் அது. வட்டிக்காரன் வாசலுக்கோ மதுக்கடைக்கோ அது போகுமானால், திருடப்படுவது பணமன்று, அவள் இரத்தம்!

சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டமன்றம் செய்யட்டும். சட்டியைப் பங்கிட எந்த மன்றமும் உன் அடுக்களைக்கு வராது. அது நீயும் நானும் செய்ய வேண்டியது.

என் வீட்டில் இப்போது சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியும் கூடத்துக்கு வருகின்றன. எல்லோரும் ஒன்றாக அமர்கிறோம். முதலில் துணைவியார் தட்டில் பரிமாறுவது என் வேலை. தொடக்கத்தில் கூச்சப்பட்டார், "யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார். பார்க்கட்டும் என்றேன். ஆறு மாதம் மாத்திரையும் தவறாமல் விழுங்கினார். எட்டு, பதினொன்றரை ஆயிற்று. இன்னும் அரை பாக்கி, அதையும் எட்டுவோம்.

இன்று இரவு வீட்டுக்குப் போவாய். தட்டின்முன் அமருமுன் ஒரே ஒரு கேள்வி கேள்: "நீ சாப்பிட்டாயா?" என்றல்ல. அதற்கு "ஆச்சு" என்று பொய் சொல்வாள். "உன் தட்டு எங்கே?" என்று கேள்!