திரைக்குள் ஒரு பட்டறை – 9: மேட்டூர் எத்தனை அடி?

ஆடி நெருங்கினால் அம்மா மண்டபம் படித்துறையில் காதில் விழும் முதல் கேள்வி, "மேட்டூர் எத்தனை அடி?" முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து, நடுவே ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிவிட்டுப் போவதால் எங்களுக்கு மேட்டூர் அணையின் நீர்மட்டம் பஞ்சாங்கம் மாதிரி. பேப்பரில் பார்த்துப் பார்த்து அலுத்து, அதைக் கணினியில் ஒரு முள் வைத்துக் காட்டலாமே என்று உட்கார்ந்தேன்.

முன்மாதிரிக்கு வெகுதூரம் போக வேண்டாம். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் கட்டித் தந்த பொன்மலைப் பட்டறை பக்கத்திலேயே, திருச்சியில்தான் இருக்கிறது. அந்த எஞ்சின்களின் அழுத்தமானிக்கு மூலம், 1849-ல் யூஜின் போர்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை பெற்ற வளைந்த குழாய். உள்ளே அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும். அந்தச் சின்ன அசைவைப் பல்சக்கரம் பெருக்கி முள்ளைச் சுழற்றும். திரையில் குழாயும் இல்லை, பல்லும் இல்லை. பெருக்கல் மட்டும் மிச்சம்.

முள் ஏழரை மணி இருக்கும் இடத்தில் கிளம்பி, உச்சி தாண்டி, நாலரை மணியில் நிற்கும். (ஏழரை என்றதும் சனி நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) மொத்தம் 270 டிகிரி. மேட்டூரின் முழு மட்டம் 120 அடி; ஆக, ஓர் அடிக்கு 2.25 டிகிரி. பத்தடிக்கு ஒரு கோடு, மொத்தம் 12 என்று நினைத்தேன். பூஜ்யத்தையும் சேர்த்தால் 13.

வரைந்தது க்யூட்டி (Qt) என்ற மென்பொருள் கருவித்தொகுப்பில். அதில் வில் போடும் கட்டளை டிகிரியை அப்படியே வாங்காது. ஒரு டிகிரியை 16 துண்டாக்கித் துண்டுக்கணக்கில் கேட்கும். தெரியாமல் 225, -270 என்று கொடுத்துவிட்டேன். முக்கால் வட்டம் வரவேண்டிய இடத்தில், மூன்று மணிப் பக்கம், வெட்டிப்போட்ட நகம் மாதிரி ஒரு கீற்று! 3600, -4320 என்று மாற்றியதும் வில் உட்கார்ந்தது. முள் இன்னொரு தினுசு. வில்லுக்குக் கூட்டல் எண் கொடுத்தால் இடஞ்சுழி. முள்ளைத் திருப்பும் கட்டளைக்கோ வலஞ்சுழி. ஒரே வீட்டில் இரண்டு சம்பிரதாயம். வடகலை, தென்கலை பார்த்து வளர்ந்த ஊர்க்காரனுக்கே தலை சுற்றியது.

எல்லாம் சரியானபின் 100 அடி கொடுத்துப் பார்த்தேன். முள் சரியாக மூன்று மணியில் நின்றது. ஆறில் ஐந்து பங்கு தூரம் போயாயிற்று. பார்ப்பவர் அணை கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது என்பார். ஆனால் 100 அடியில் இருப்பு சுமார் 65 டி.எம்.சி.தான், முழுக் கொள்ளளவு 93.47. பத்தில் ஏழு பங்கு. கீழே குறுகி மேலே விரியும் பள்ளத்தை, நேர்கோட்டில் ஏறும் உருளை என்று என் முள் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆகவே அடிக்கணக்கு வளையத்துக்கு உள்ளே டி.எம்.சி.க்கு இன்னொரு வளையம் போட்டேன். தொடக்கத்தில் அதன் கோடுகள் அகலமாகவும், முடிவில் நெருக்கமாகவும் விழுந்தன. அழகு கொஞ்சம் குறைவுதான், இருக்கட்டும். முள்ளுக்கு நிழலும் கண்ணாடிப் பளபளப்பும் கேட்கிறவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.