பத்திரிகாசிரியர் திரு.வி.க.

ஒரு நாட்டு மக்கள் தம் பொதுக் காரியங்களை எம்மொழியில் பேசுகின்றனர் என்பது சிறு செய்தியன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை நகரின் அரசியல் மேடைகளில் பெரும்பாலும் ஆங்கிலமே முழங்கிற்று. கற்றவர் பேசினர், கற்றவரே கேட்டனர். ஆலையில் உழைத்தவரும் ஏர் பிடித்தவரும் புறத்தே நின்றனர். தம்மைப் பற்றிய பேச்சே தமக்கு விளங்காத நிலை அவர்களுடையது. இந்நிலையை மாற்ற உழைத்தோருள் ஒருவர் திரு.வி. கலியாணசுந்தரனார்.

அவர் 1883ஆம் ஆண்டு, சென்னையை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் நோயுற்றுக் கை கால் முடங்கியமையால் பள்ளிப் படிப்பு இடையே நின்று, பின்னர்த் தொடர்ந்தது. இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் யாழ்ப்பாணம் நா. கதிரைவேற் பிள்ளை. தமிழ்ச் சுவையை அவரிடமே திரு.வி.க. கண்டார். 1904ஆம் ஆண்டு அவ்வாசிரியர் ஒரு வழக்கில் சிக்கினார். அவருக்காகச் சாட்சி சொல்ல நீதிமன்றம் சென்றமையால் மாணவர் மெட்ரிகுலேஷன் தேர்வு எழுத இயலாது போயிற்று. பள்ளிப் படிப்பு அதனோடு முடிந்தது; நூற்படிப்போ முடியவில்லை. ஆசிரியர் 1907ஆம் ஆண்டு மறைந்த பின்னரும், மயிலை தணிகாசல முதலியாரிடம் தமிழ் நூல்களையும் சைவ நூல்களையும் தொடர்ந்து பயின்றார். சில காலம் கணக்கராகவும், பின்னர்ப் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றினார். வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியராகவும் அமர்ந்தார்.

1917ஆம் ஆண்டு இறுதியில் அப்பதவியைத் துறந்து, 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். அரசியலைத் தமிழில் எழுதும் வழியை 1882இல் தோன்றிய 'சுதேசமித்திர'னும், பின்னர்ப் பாரதியாரின் 'இந்தியா'வும் திறந்திருந்தன. எனினும், அந்நாளைய செய்தித்தாள்களில் ஆங்கிலச் சொற்களும் வடசொற்களும் மிகுதியாக விரவி வந்தன. 'தேசபக்த'னிலோ அரசியல் கருத்துக்கள் இயன்றவரை தமிழ்ச் சொற்களில், சிறு சிறு வாக்கியங்களில் வெளிவந்தன. பழைய நூல்களில் தோய்ந்த உள்ளமே அச்சொற்களைத் தந்தது. நூலறிவு பத்திரிகைக்குப் பயன்பட்ட விதம் இது.

அந்நடைக்கு உற்ற சோதனை விரைவில் வந்தது. பெரம்பூரில் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகிய இருவரும் ஒரு சபை நடத்தி வந்தனர். சமயச் சொற்பொழிவு கேட்கப் பக்கத்து ஆலைத் தொழிலாளரும் அங்கே வருவதுண்டு. நீண்ட வேலை நேரம், உணவுக்கு விடப்படும் இடைவேளையின் குறுமை, மேலாளரின் கடுமை முதலிய துன்பங்கள் அங்கே பேசப்படலாயின. அதன் பயனாக 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவரானார். வாடியா ஆங்கிலத்தில் பேசுவார். அப்பேச்சு தொழிலாளர் செவிக்குத் தமிழாகவே சென்று சேர வேண்டியிருந்தது. அப்பணியில் திரு.வி.க.வின் நாவும் பேனாவும் துணை நின்றன.

சங்கத்தின் பாதை எளிதாக இருக்கவில்லை. வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினர் என்று ஆலை நிர்வாகம் தலைவர்கள்மேல் வழக்குத் தொடுத்து, 1920ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. சங்கம் சேர்ப்போருக்குச் சட்டப் பாதுகாப்பு அந்நாளில் இல்லை. அக்குறையை ஓரளவு நீக்கிய தொழிற்சங்கச் சட்டம் 1926ஆம் ஆண்டிலேதான் பிறந்தது. இடையே, 1921ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. தொழிலாளரிடையே சாதிப் பிளவும் மூண்டது. போராட்டம் தோல்வியில் முடிந்தது. எழுத்தால் மக்களை எழுப்பலாம். எழுந்தவரை ஒன்றாகக் கட்டி நிறுத்துதல் அதனினும் அரிது. அக்கசப்பை அறிந்த பின்னரும் திரு.வி.க. தொழிலாளரைக் கைவிடவில்லை. 1947ஆம் ஆண்டு, முதுமையிலும், ஆலைத் தொழிலாளர் போராட்டத்தின்போது வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்.

'தேசபக்த'னை விட்ட பின், 1920 அக்டோபரில் அவர் தொடங்கிய 'நவசக்தி' வார இதழ் நெடுங்காலம் நடந்தது. பின்னாளில் கல்கி எனப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி 1923ஆம் ஆண்டு துணையாசிரியராகச் சேர்ந்து பயின்றது அவ்விதழிலேதான். இதழ்ப் பணிக்கிடையே 'பெண்ணின் பெருமை', 'முருகன் அல்லது அழகு' முதலிய நூல்களும் பிறந்தன.

இறுதிக் காலத்தில் அவர் கண்ணொளி இழந்தார். படிப்பிலே வாழ்ந்தவருக்கு இதனினும் பெருந்துன்பம் வேறு யாது? ஆயினும் அவர் ஓய்ந்தாரல்லர். தாம் சொல்லப் பிறர் எழுத, செய்யுள் நூல்கள் இயற்றினார். அவற்றுள் ஒன்றுக்குப் 'படுக்கைப் பிதற்றல்' என்று பெயரிட்டார். 1953 செப்டம்பர் 17ஆம் நாள் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! படிப்பு, பத்திரிகை, பொதுத்தொண்டு என மூன்று துறைகளாக அவர் வாழ்வை நாம் பிரித்துப் பேசுகிறோம். அவருக்கு அவை மூன்றல்ல. நூல் சொல்லைத் தந்தது. இதழ் அச்சொல்லைத் தெருவுக்குக் கொண்டு சென்றது. அது யாருக்குத் தேவை என்பதைத் தொழிலாளர் கூட்டம் காட்டிற்று. நீங்கள் கற்பவற்றுள் ஒன்றையேனும், கல்லாத ஒருவருக்கு அவர் மொழியில் விளங்கச் சொல்லிப் பாருங்கள். அது எத்துணைக் கடினம் என்பதும், எத்துணை இன்றியமையாதது என்பதும் அப்போது புலனாகும்.